பிள்ளை போட்ட தப்பு யார் கைக்குப் போகிறது?

வாசகர் கேள்வி, 19 ஜூலை 2025

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன், தறி வேலை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது. அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான், அவனுக்கு கூகுள் ஒரு வருஷத்துக்கு ஜெமினி என்ற தன் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலியை இலவசமாகத் தருகிறதாம். மகள் அவன் போனில்தான் கணக்குக் கேட்டுக்கொள்கிறாள். நன்றாகவே சொல்லித் தருகிறது. மாசம் ஆயிரம் ரூபாய் டியூஷன் மிச்சம். இதையே அரசுப் பள்ளி முழுக்கக் கொடுத்தால் என்ன? பெரிய கம்பெனிகள் சும்மா தர வரும்போது ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறீர்கள்? வேலை போய்விடும் என்ற பயமா?

20 ஜூலை 2025

பயம் வேலையைப் பற்றியது இல்லை. சேர்வராயன் மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பதினான்கு வருஷமாகக் காலையில் கோரிமேட்டில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து ஏற்காடு போய், அங்கிருந்து இன்னொரு பஸ். என் வகுப்பில் பாதிக்கு மேல் மலையாளி என்ற, இந்த மலையிலேயே வாழும் தமிழ்ப் பழங்குடிப் பிள்ளைகள். மற்றவர்கள் காப்பித் தோட்டத்துக் கூலி வேலைக்காரர்களின் பிள்ளைகள்.

போன மாதம் ஏழாம் வகுப்பில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. வருஷத்துக்கு இருபது நோட்டிலாவது பார்க்கிற தப்புதான். ஆனால் அங்கே வந்து சேர்கிற வழி பிள்ளைக்குப் பிள்ளை வேறு. இவன் பின்னத்தை ஓர் அளவாகவே பார்த்ததில்லை, மேலே ஒரு எண், கீழே ஒரு எண், அவ்வளவுதான். அவன் நோட்டில் அடித்துத் திருத்திய இடத்தைப் பார்த்ததும் அது தெரிந்தது. "அரைப் படி மிளகு இருக்கு. அதுல இன்னும் கொஞ்சம் கொட்டறேன். அரைப் படிக்குக் குறைஞ்சிடுமா?" என்று கேட்டேன். பேசாமல் நின்றான். நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம், "ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னதா டீச்சர்?" என்றான். மிச்சத்தை அவனே கோடு போட்டு, ஆறு பங்காகப் பிரித்துக் கண்டுபிடித்தான்.

அதே வகுப்பில் அடுத்த வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தேன். 31 பேரில் 19 பேர் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு வந்தார்கள். 19 நோட்டிலும் ஒரே வழிமுறை, ஒரே வாக்கியம். மறுநாள் வகுப்பிலேயே சின்னத் தேர்வு வைத்தேன். அந்த 19 பேரில் சரியாகப் போட்டவர்கள் நாலு பேர். மற்ற பதினைந்து பேருக்கு எங்கே புரியவில்லை என்று அந்த வீட்டுப்பாட நோட்டை எத்தனை முறை புரட்டினாலும் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அதில் தப்பே இல்லை.

தப்பு போனுக்குப் போய்விட்டது. பிள்ளை முதலில் என்ன நினைத்தது, எங்கே நின்றது, ஒரே கேள்வியை எப்படியெல்லாம் மாற்றிக் கேட்டது, எல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் கணினியில் இருக்கிறது. என் மேசைக்கு வருவது கழுவித் துடைத்த விடை. என் தயக்கம் இதுதான்.

என் அப்பா பனங்காட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வியாபாரி எடை போட்டு வெள்ளி கொடுப்பார், கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும், சேதாரத்துக்குக் கணக்கு உண்டு. பட்டறையைக் கூட்டிய தூசியைக்கூட அப்பா கொட்ட விடமாட்டார். அதை வாங்க ஆள் வரும், உருக்கினால் அதில் வெள்ளி இருக்கும். பட்டறையைச் சும்மா கூட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கூகுளின் அந்தச் சலுகை 18 வயது நிரம்பியவர்களுக்கு. உங்கள் மகள் கேட்பதெல்லாம் அண்ணன் மகன் கணக்கில்தான் பதிவாகிறது. அதை முதலில் கவனியுங்கள்.

20 ஜூலை, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். கம்பெனி தருவதை நம்பிப் பள்ளி இருக்கலாமா என்பது ஏஐ வந்த பிறகு முளைத்த கேள்வி இல்லை. 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோதே இந்தப் பேச்சு இருந்தது. அந்தக் கணினியில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளமான பாஸ் லினக்ஸ்தான் போட்டிருந்தார்கள், எந்தக் கம்பெனியையும் நம்பியிருக்க வேண்டாம் என்று.

22 ஜூலை

மேலே எழுதியது முழுக்கச் சரியில்லை. ஆத்தூர் ஆசிரியர் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டுமே இருந்தன. எந்தப் பிள்ளை லினக்ஸைத் திறந்தது என்று அவர் கேட்கிறார். நான் பார்த்தவரை யாரும் திறக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, பாடத்திலும் அது இல்லை. கேரளத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஐடி@ஸ்கூல் என்று 2001இல் தொடங்கிய திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனம் ஆனது. பள்ளிகளுக்கென்று தாங்களே லினக்ஸ் தொகுப்பு தயாரிக்கிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், பத்தாம் வகுப்பில் அதிலேயே செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள். 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலில் ஏஐ பற்றிய பாடத்தையும் சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் பொருளைக் கொடுத்தோம். அங்கே ஆசிரியரைத் தயார் செய்தார்கள்.

23 ஜூலை

"பத்தொன்பது நோட்டை வைத்துப் பொதுவாகப் பேசக் கூடாது" என்று ஒருவர். நியாயம். பெரிய அளவில் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் செய்தது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு பிரிவுக்கு ஜிபிடி-4 என்ற, சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருந்த ஏஐயை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் தருமாறு ஆசிரியர்களின் குறிப்புகளை வைத்து மாற்றியதைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியில் முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தன. அப்புறம் ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். ஜிபிடியை அப்படியே வைத்திருந்தவர்கள், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். துப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை. ஆனால் புத்தகப் பிள்ளைகளைவிடக் கூடவும் எடுக்கவில்லை.

கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பயிற்சியில் 127 சதவீதம், தேர்வில் சமம். பயிற்சி மதிப்பெண்ணை மட்டும் காட்டி யாராவது பள்ளிக்கு விற்க வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

3 ஆகஸ்ட்

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு. மலையில் வேறொரு பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்கே பல மாதமாகக் கணக்குக்கு ஆசிரியர் இல்லை. சனி, ஞாயிறு வீட்டுக்கு வரும்போது அண்ணன் போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். வாரம் முழுக்கப் புரியாமல் வைத்திருந்ததை எல்லாம் சாட்ஜிபிடியிடம் கேட்பாள். காரணிப்படுத்துவதை அவள் அதனிடம்தான் கற்றாள். நானே சோதித்துப் பார்த்தேன், நன்றாகத் தெரிந்திருந்தது. விடையை மட்டும் எழுதி வாங்கியிருந்தால் அப்படித் தெரிந்திருக்காது.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன். அவள் சொன்னாள்: "எத்தனை தடவை கேட்டாலும் அது கோபப்படல டீச்சர்."

வீட்டுக்கு வந்தும் அந்தச் சொல் போகவில்லை. அவள் ஆறாம் வகுப்பு வரை என்னிடம்தான் படித்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது நான் முகத்தைக் காட்டியிருக்கிறேன். நாற்பது நிமிஷப் பாடவேளை, ஒரே அறையில் இரண்டு வகுப்பு, அதெல்லாம் காரணம்தான். அந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே 20ஆம் தேதி எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆசிரியர் இருக்கும் இடத்தில் தப்பு ஆசிரியரிடம் வர வேண்டும். ஆசிரியரே இல்லாத இடத்தில் அந்தத் தப்பு யாரிடம் போகும் என்று நான் கேட்கவே இல்லை. அங்கே போனும் இல்லையென்றால் அது அவள் மனசுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

4 ஆகஸ்ட்

"அப்படியானால் ஆசிரியரைப் போடுவதற்குப் பதில் ஏஐ போதும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று ஒருவர். ஒப்புக்கொள்ளவில்லை. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் இருக்க அந்தப் பிள்ளையின் முயற்சியை யாரும் சாட்சியாகக் காட்டக் கூடாது. அவள் பாறை மேல் போய் உட்கார்ந்தது வேறு வழியில்லாமல்.

27 ஆகஸ்ட்

நேற்று ஆசிரியர் அறை முழுக்க ஒரே பேச்சு. இந்திய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சுமார் ஐந்து லட்சம் சாட்ஜிபிடி உரிமங்களை அதன் கம்பெனியான ஓப்பன்ஏஐ இலவசமாகத் தரப்போகிறது என்று செய்தி. "வாங்கிக்கலாமே, என்ன நஷ்டம்?" என்றார் அறிவியல் ஆசிரியர். நல்ல மனிதர், பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறார்.

இலவசம் எவ்வளவு நாளைக்கு என்பது என் முதல் கேள்வி. கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத சேமிப்பிடம் தந்து வந்தது. உலகம் முழுக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் எல்லாவற்றையும் அதில் ஏற்றின. 2021 பிப்ரவரியில், கொரோனாவால் எல்லோரும் அதையே நம்பியிருந்த நேரத்தில், இனி ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட்தான் என்று அறிவித்தார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்தது. சின்னப் பள்ளிக்கு 100 தாராளம். பத்து வருஷக் கோப்புகளை ஏற்றிவிட்ட பெரிய பல்கலைக்கழகங்கள் அழிக்கவும் மாற்றவும் ஓடின. கூகுள் சட்டத்தை மீறவில்லை. தன் பொருள், தன் முடிவு. அதனால்தான் சொல்கிறேன்.

கம்பெனி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் 2024 மார்ச்சில் 'எட்' என்ற ஏஐ உதவியாளரை அறிமுகம் செய்தது, 60 லட்சம் டாலர் ஒப்பந்தம். ஜூன் மாதத்துக்குள் அதைச் செய்துகொடுத்த ஆல்ஹியர் நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மூன்றே மாதம். பிள்ளைகளின் விவரம் என்ன ஆகும் என்று பெற்றோர்கள் பதறினார்கள். நம் நாட்டில் பைஜூஸ் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனி. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

2015இல் ஃபேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று இலவச இணையம் தர வந்தது. ஏழைக்குத்தானே தருகிறோம் என்றார்கள். எந்தத் தளத்தைப் பார்க்கலாம் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. 2016இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் என்ற அந்த முறையையே தடுத்தது. மறுத்ததால் நாம் இணையத்தை இழக்கவில்லை என்பதையும் அறிவியல் ஆசிரியரிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

31 ஆகஸ்ட்

தமிழில் கேட்டால் ஏன் தடுமாறுகிறது என்று கேட்ட பெண்மணிக்கு: இந்த மென்பொருள்கள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. அந்த வெட்டு ஆங்கிலத்துக்கு வசதியாக அமைந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐயே காட்டிய கணக்கு இது: முந்தைய முறையில் 116 துண்டாக உடைந்த ஒரு தமிழ்ப் பகுதி, புதிய முறையில் 35 துண்டு. ஆக, அதுவரை நம் பிள்ளை தமிழில் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் தேவைக்கு மூன்று மடங்கு சிதறித்தான் போயிருக்கிறது. இப்போது தேவலை.

ஆனால் சொல் சிக்கல் தீரவில்லை. நம் பாடநூலில் மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு என்று இருக்கும். மீ.பொ.வ., மீ.பொ.ம. என்று எழுதுவோம். ஒரு பிள்ளை 'மிகப்பெரிய பொதுவான காரணி' என்று எழுதிக்கொண்டு வந்தாள். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் தேர்வுத் தாளில் மீ.பொ.வ. என்று பார்த்தபோது இது வேறென்னவோ என்று விட்டுவிட்டாள். தமிழ்நாட்டுப் பாடநூலை ஒழுங்காகப் படித்த ஒரு கருவியை அரசே செய்துவைத்தால் இந்தச் சிக்கல் வராது. சொற்களெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன, நம் ஆசிரியர்கள் உருவாக்கியவை.

14 செப்டம்பர்

காலாண்டுத் தேர்வு வேலை. இரண்டு வரி மட்டும். "அரசு என்றால் மட்டும் தரவு பத்திரமா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஒன்றிய அரசின் தீக்ஷா செயலிக்கு நம் பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை வருடியே போகலாம். அதன் தரவு ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டில்லாத சேமிப்பில் திறந்து கிடந்தது என்று 2023 ஜனவரியில் வயர்ட் இதழ் எழுதியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல். ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களின் விவரமும். ஆகஸ்டில் நான் அரசே செய்யட்டும் என்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கம்பெனியிடம் கேட்கிற அதே கேள்வியை அரசிடமும் கேட்க வேண்டும்.

12 அக்டோபர்

ஒரு மாதமாக ஒன்று செய்து பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக. பெயர் 'தப்பு நோட்டு', அவர்களே வைத்தது. வீட்டில் போனில் கேட்டுக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் கேட்பதற்கு முன்னால் தனக்குத் தோன்றிய விடையை எழுத வேண்டும். அப்புறம் போன் என்ன சொன்னது. தன் விடையில் எந்த இடம் பிசகியது. போன் இல்லாத பிள்ளைகள் பக்கத்து வீட்டு அக்காவையோ என்னையோ கேட்டு எழுதலாம். இந்த நோட்டுக்கு மதிப்பெண் கிடையாது.

முதல் வாரம் எல்லோரும் சரியான விடையையே 'எனக்குத் தோன்றியது' என்று எழுதினார்கள். தப்பு எழுதினால் திட்டு விழும் என்று பயம், அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்தான். நான் கரும்பலகையில் என் பழைய தப்பு ஒன்றை எழுதிக் காட்டினேன். பி.எட். படிக்கும்போது மைனஸ் மூன்றின் வர்க்கத்தில் அடைப்புக்குறியை விட்டு மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது. இப்போது 31 பேரில் பன்னிரண்டு பேர் உண்மையாக எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பன்னிரண்டு நோட்டைப் படிக்க ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகிறது. எனக்கு இதைவிட உபயோகமான ஞாயிறு இருந்ததில்லை.

மிளகுப் பையன் சென்ற வாரம் எழுதியிருந்தது: "போன் தப்பாகச் சொன்னது. நான் படம் போட்டுப் பார்த்தேன்." நானும் போட்டுப் பார்த்தேன், அவன் சொன்னதே சரி. வகுப்பு முழுக்கக் கை தட்டியது. அன்று இறங்கும்போது மஞ்சக்குட்டைப் பக்கம் பனி மூடி எதிரே வரும் வண்டியே தெரியவில்லை, எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.

13 அக்டோபர்

நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கிற ஆசிரியர்களுக்கு: வினாத்தாள் முதல் வரைவை ஏஐயிடம் வாங்கிக்கொள்கிறேன். நானே சொற்களைத் திருத்துகிறேன், ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்க்கிறேன். அதில் இரண்டு மணி நேரம் மிச்சம். கருவி என் எழுத்து வேலையைக் குறைக்கட்டும். நோட்டைப் படிக்கிற வேலையை நான் விட மாட்டேன்.

16 நவம்பர்

இரண்டு நாள் முன்பு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் வந்துவிட்டன. சட்டம் 2023இல் வந்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தரவை எடுக்கப் பெற்றோரின் சரிபார்த்த ஒப்புதல் வேண்டும், பிள்ளையைப் பின்தொடரவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. ஆனால் கல்வி நிறுவனங்கள் கற்பித்தலுக்காகவும் பாதுகாப்புக்காகவும் கண்காணிப்பதற்கு விதிகளில் விலக்கு இருக்கிறது. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர இன்னும் பதினெட்டு மாதம். அம்மாப்பேட்டை அண்ணா, உங்கள் மகளுக்கு அதற்குள் பதினொன்றாம் வகுப்பே முடிந்துவிடும்.

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் கேளுங்கள், அது உங்கள் உரிமை. எந்தச் செயலி வந்தாலும்: பிள்ளை எழுதியது எங்கே போகிறது? நாளைக்கு வேண்டாம் என்றால் அதை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா? இலவசக் காலம் முடிந்தால் மாதம் எவ்வளவு? எங்கள் பள்ளியில் சென்ற கூட்டத்தில் ஒரு அம்மா, காப்பி பறிப்பவர், நான்காவதாக ஒன்று கேட்டார்: "அதுல என் பையன் என்ன கேட்டான்னு டீச்சருக்குத் தெரியுமா?" இதைச் சொல்ல எனக்கு இருபது பத்தி தேவைப்பட்டது, அவருக்கு ஒரு வரி.

23 நவம்பர்

சென்ற டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழை நினைவிருக்கிறதா? மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் பக்கம் மின்சாரமும் போனது, சிக்னலும் போனது. பள்ளி திறந்தபோது திறன்பலகை இருட்டாகத்தான் இருந்தது. பாடநூலை வைத்து நடத்தினோம். இந்த வருஷமும் மேகம் கறுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. அச்சிட்ட புத்தகத்தைக் குறைக்கலாம் என்று யார் சொன்னாலும் மலையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

7 டிசம்பர்

அந்த விடுதிப் பெண்ணைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அங்கே இன்னும் கணக்குக்கு ஆசிரியர் வரவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை விடுதிக் காப்பாளர் அனுமதியோடு வாரம் மூன்று நாள் மாலை ஏழு மணிக்கு அவர் போனுக்குக் கூப்பிடுகிறேன். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களும் தப்பு நோட்டு வைத்திருக்கிறார்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். படம் போட முடியாதது பெரிய குறை.

வெள்ளிக்கிழமை அவள் ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டாள். சொன்னேன். நாலாவது தடவையும் கேட்டாள். வேறு வழியில் சொன்னேன். சின்ன அமைதி. அப்புறம் அவள், "சரி டீச்சர், இப்ப நான் சொல்றேன், நீங்க கேளுங்க" என்றாள்.

நாளை அரையாண்டுக்குத் திருப்புதல், முக்கோணவியல்.